தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு மருதாணிச் செடி நிற்கிறது. அம்மா கல்யாணமாகி சேரன்மகாதேவிக்கு வந்த புதிதில் எங்கிருந்தோ ஒரு குச்சியை ஒடித்து வந்து ஊன்றியது. செடி என்று சொல்கிறோமே தவிர, மதிலுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு, ஒரு ஆட்டோ நிறுத்தும் அளவு இடத்தை அடைத்திருக்கும். வருஷம் முழுக்கப் பச்சை. பூக்கும் காலத்தில் கிளை நுனிகளில் வெளிர் மஞ்சளாகப் பொடிப்பொடியாய்க் கொத்துக் கட்டும். பக்கத்தில் போய் முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அடுப்படியில் வேறு வேலையாக நிற்கும்போது சன்னல் வழியாகத் தானாக வந்து சேரும். அம்மா இரண்டு கொத்தை ஒடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், நன்றாகத் தூக்கம் வரும் என்று. உனக்கு செங்கல்லை வைத்தாலும் தூக்கம் வரும் என்பார் அப்பா.

அந்தச் செடியின் இலையை நம்பித்தான் என் அக்காவின் கல்யாணக் கை இருந்தது.

அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோழியின் கல்யாணத்தில் கடையில் மருதாணிக் கோன் வாங்கி எல்லாப் பெண்களும் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு மட்டும் இடது புறங்கை கொப்பளித்து, நீர் கோத்து, பல நாள் ஊசி பிடிக்க முடியாமல் போனது. இனிமேல் கோன் பக்கமே போகக் கூடாது, பாக்கெட் பொடியும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். புண் ஆறியும் ஒரு கொடியின் வடிவத்தில் தடம் தங்கிவிட்டது. தை மாதம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா, மோதிரம் போட்ட கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னது, சூடு பட்டதா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா பதில் சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள்.

கல்யாணம் வைகாசியில். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை, சேலை, மண்டபம் எதிலும் அவளுக்குப் பிடிவாதம் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்துப் பார்க்கும்போது அது நன்றாகச் சிவந்திருக்க வேண்டும், அதுவும் நம் வீட்டு இலையில் சிவந்திருக்க வேண்டும். டவுணிலிருந்து நான் ஒரு கட்டு இலை வாங்கி வந்தேன். எதற்கு என்ன மருந்து அடித்தார்களோ என்று அதைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டாள்.

மாசியில் ஒத்திகை பார்த்தோம். இலையைப் பறித்து, அரைத்து, அக்காவின் விரல்களுக்குத் தொப்பி வைத்து, காலையில் கழுவினால் வெளுத்த ஆரஞ்சு. மஞ்சள் கிழங்கை உரசினது போல. ஒரு நாள் பொறுத்துப் பார்த்தோம், அப்படியே இருந்தது. அக்கா தையல் மிஷினில் போய் உட்கார்ந்து, அவசரமில்லாத ஒரு பிளவுஸை மிகவும் அவசரமாகத் தைத்தாள்.

எனக்கு வேலை எலக்ட்ரானிக் தராசுகளைச் சரிபார்ப்பது. மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து, திருநெல்வேலி டவுணில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். நகைக்கடை, பலசரக்குக் கடை, அல்வாக் கடை என்று எடைக்கற்கள் வைத்த பெட்டியோடு ரத வீதிகளைச் சுற்றுவேன். தராசு தப்பாகக் காட்டினால் உடனே பிரித்துப் போடக் கூடாது. என்னென்ன காரணம் இருக்கலாம் என்று முதலில் வரிசையாக எழுத வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மருதாணியையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மிக்ஸியில் அரைத்தது, அம்மியில் அரைத்தது. எலுமிச்சை சேர்த்தது, புளி சேர்த்தது. தேயிலைச் சாறு, கிராம்பு, கொட்டைப்பாக்கு. ஒவ்வொன்றுக்கும் என்னுடைய ஒரு விரல்.

மறுநாள் அல்வாக் கடை அண்ணாச்சி தராசுத் தட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

"ஏம்மா, விரலுக்கு ஒரு கலரா இருக்கு. எட போட வந்தியா, பெயிண்டுக் கடைக்குச் சாம்பிள் காட்ட வந்தியா?"

பரிசோதனை என்று சொன்னேன். அவர் கடைப் பையன்களைக் கூப்பிட்டு, படித்த பிள்ளைகள் மருதாணி போட்டால் எப்படி இருக்கும் என்று காண்பித்தார். அண்ணாச்சி சொன்னதில் ஒன்று உண்மை இல்லை. விரலுக்கு ஒரு கலராக எல்லாம் இல்லை. எல்லாமே வெளுப்பில் கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். அரைப்பதிலும் சேர்ப்பதிலும் குற்றமில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது இலையை.

விடை மொட்டைமாடியில் இருந்தது. பின்பக்கச் செடியைக் கவாத்து செய்தபோது, வெட்டிப்போட்ட குச்சிகளில் ஒன்றை அக்கா ஒரு பழைய பெயிண்ட் வாளியில் ஊன்றி மேலே வைத்திருந்தாள். அது தழைத்ததும் எல்லோரும் மறந்துவிட்டோம். துணி காயப்போடப் போன நான் அதன் மேல் ஈரப் போர்வையைப் போட்டுவிட்டு, எடுக்கும்போதுதான் பார்த்தேன். மண் வெடித்திருந்தது. செடி முழங்கால் உயரம்கூட இல்லை. இலை ஒவ்வொன்றும் கீழே இருப்பதில் பாதிதான், தடித்து, விறைப்பாக. ஒரு கைப்பிடி உருவி, வேறெதுவும் சேர்க்காமல் அரைத்து, மிச்சமிருந்த சுண்டுவிரலில் வைத்தேன். காலையில் கழுவியபோது அதுவும் ஆரஞ்சாகத்தான் இருந்தது. பேருந்தில் போகும்போது செங்கல் நிறத்துக்கு வந்தது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கறுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரே செடியின் இரண்டு கிளைகள். ஒன்றுக்கு நல்ல வெயில், தண்ணீர் கிடையாது. மற்றொன்றுக்கு நிழல், நினைத்த நேரமெல்லாம் தண்ணீர். வெயிலா தண்ணீரா எது காரணம் என்று பிரித்துப் பார்க்க நாள் போதாது. அதனால் என் விதியை நானே தளர்த்தி, இரண்டையும் ஒன்றாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசு இல்லை. இங்கே பயிர் என்றால் நெல்லும் வாழையும். இரண்டும் காலை நனைத்துக்கொண்டே நிற்பவை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊரே முகம் மலரும், நின்றால் ஊரே வாடும். ஒரு செடியைக் கவனிப்பது என்றால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் இங்கே எல்லோர் கைக்கும் தெரியும். எங்கள் மருதாணிக்கு யார் யார் ஊற்றுகிறார்கள் என்று கணக்கெடுத்தேன். அம்மா, காலையும் மத்தியானமும் அரிசி கழுவிய தண்ணீர். துவைக்கிற கல்லின் ஓட்டம் நேராக அதன் வேருக்கு. அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவுவது அதன் அடியில். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமி, மீன் கழுவிய தண்ணீரை எக்கிநின்று இந்தப் பக்கம் ஊற்றுவார். மருதாணியில் பாதி அவர்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதால், ரம்ஜான் பெருநாளைக்கு இலை பறிக்கிற உரிமையும் வளர்க்கிற கடமையும் தனக்கு உண்டு என்பது அவர் எண்ணம்.

பங்குனியில் வேலையை ஆரம்பித்தேன். வாளிச் செடியை அக்காவிடம் காட்டவில்லை, கருத்த சுண்டுவிரலை மட்டும் காட்டினேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. துவைக்கிற கல்லின் ஓட்டத்தை ஒரு பிவிசி குழாய் வைத்து கொல்லை மூலையில் நிற்கும் வாழைக்குத் திருப்பினேன். நெட்டையாக வளர்ந்து நிழல் கட்டிய கொம்புகளை வெட்டி உள்ளே வெயில் விழ வைத்தேன். புதுத் தளிர் வரத் தொடங்கியதும், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, கல்யாணம் வரை இதற்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று சொன்னேன்.

அம்மா சம்மதித்தாள். சம்மதித்துவிட்டு, அரிசிப் பானையோடு பின்வாசலில் நின்று செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பச்சப் புள்ளைக்கு முன்னால நின்னுகிட்டு நாம மட்டும் திங்குத மாதிரி இருக்குட்டி," என்றாள். அப்பாவுக்குக் கால் தானாக அங்கே போய் நிற்கும். பாதியில் நினைவு வந்து, ஒரு காலில் சேறோடு நொண்டிக்கொண்டு முன்பக்கக் குழாய்க்குப் போவார். மாமி மதிலுக்கு மேலே முகத்தைக் காட்டி,

"எங்க நோம்பு முடிஞ்சு பெருநாளும் போயிட்டு. ஒங்க செடிக்கு இப்பத்தான் தொடங்கியிருக்கா? நோம்பு தொறக்க நேரம் சொல்லும்மா, நான் கஞ்சியோட வாறேன்" என்றார்.

வைகாசிதான் என்றேன். ரொம்பக் கடுமையான நோன்பு என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

சித்திரையில் வெயில் ஏறியது. வாய்க்காலிலும் தண்ணீர் அடைத்துவிட்டார்கள். மருதாணி மத்தியானங்களில் தலை தொங்கி, சாயங்காலம் சமாளித்து நிமிர வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை எங்கள் செடி தொங்கவே இல்லை. புது இலைகள் அகலமாக, வழுவழுவென்று வந்துகொண்டிருந்தன. டவுணிலிருந்து வந்ததும் அடி மண்ணை விரலால் கிண்டினால் உள்ளே ஈரம். அம்மாவைக் கேட்டேன். சாமி படத்தைத் தொட்டாள். அப்பாவைக் கேட்டேன். நொண்டி நொண்டி முட்டியே போச்சு, என்னையா சந்தேகப்படுகிறாய் என்றார். மாமியைக் கேட்டதற்கு, அவர் மீன் கழுவிய சட்டியை எடுத்து வந்து, இப்போது அதை எங்கே ஊற்றுகிறார் என்பதை நேரில் கூட்டிப்போய்க் காட்டினார். அது நான் கேட்காத தண்டனை.

ஒரு நாள் மத்தியானம், சரிபார்க்கப் போன கடையில் கரண்ட் இல்லை. சீக்கிரம் பஸ் ஏறி வந்தேன். அம்மா கோயிலுக்கும் அப்பா வயலுக்கும் போயிருந்தார்கள். பின்வாசலில் தையல் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா செம்போடு செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பக்கமாக ஊற்றாமல் சுற்றிச் சுற்றி, பைய ஊற்றிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள். "பாத்துட்டியா? சரி, திட்டு."

யாருக்காக இவ்வளவும் செய்கிறோம் என்று கேட்டேன்.

"எனக்காகத்தான். அதாம்ட்டி தாங்கல. இந்த வாசல்ல உக்காந்துதான் தைக்கேன். மத்தியானமாச்சுன்னா என் மொகத்தப் பாத்துகிட்டே தலையத் தொங்கப் போடுது. என் கை செவக்கணும்னு இது சாவணுமா? நான் அங்கன போயி உக்காந்துகிட்டு, செடி இருக்கா போச்சான்னு ஒனக்குப் போன் போட்டுக் கேக்கவா?"

என்னிடம் வரிசையாகச் சொல்ல நிறைய இருந்தது. அதை விட்டுவிட்டு அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். வெடித்த மண்ணில் வாளிச் செடி நின்றது. போன முறை நான் உருவிய இடத்தில் எல்லாம் புது இலை. உச்சியில் அரிசி நொய் அளவில் மொக்கு வைத்திருந்தது.

அக்காவுக்கு அது தான் ஊன்றிய குச்சி என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இதுக்கு யாரு ஊத்துனா?" என்று கேட்டாள்.

"யாருமே ஊத்தல. எப்பவாவது பெய்யுத மழையும் காயப்போட்ட துணி சொட்டுத ஈரமுந்தான். ரெண்டும் ஒரே செடிதானக்கா. இது பொழைச்சுக் கெடக்குன்னா அதுவும் பொழைக்கும்."

அவள் ஒரு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். பிறகு, "செத்துச்சுன்னா ஒன்ன விட மாட்டேன், பாத்துக்க" என்றாள். கீழே வந்ததும் தையல் மிஷினின் ஒரு பக்கத்தை என்னைத் தூக்கச் சொல்லி, முன்னறைச் சன்னலுக்கு மாற்றிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் தெருதான் தெரியும்.

அதற்குப் பிறகு செடி உண்மையாகவே வாடியது. அகலமாக இருந்த இலைகள் பழுத்து விழுந்தன. மிஞ்சியவை சிறுத்து, தடித்து, நிறம் மங்கின. கொம்பில் முள் தெரிந்தது. அம்மா பின்வாசல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். ஆனால் தொழிலில் அதைக் காட்டக் கூடாது என்று பழகியிருக்கிறேன். கடைக்காரர் முன்னால் நாம் முழித்தால், சரியான தராசைக்கூட அவர் நம்ப மாட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், வாசலில் பந்தல்காரர்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த சாயங்காலம், மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. வைகாசி மழை வந்தால் எங்கள் ஊரில் யாரும் குடை தேட மாட்டார்கள், வெளியே வந்து நிற்பார்கள். அன்று அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். செடியைச் சுற்றி வரப்பு கட்டத் தொடங்கினார். அம்மா பந்தல்காரரிடம் ஒரு தார்ப்பாயைக் கேட்டாள். எதற்கு என்றார் அவர். செடி நனையாமல் இருக்க என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். மாமி மதில் பக்கத்திலிருந்து ஒரு முனையைப் பிடித்தார். நான் ஒரு முனை, அம்மா ஒரு முனை. நான்காவது முனையைப் பந்தல்காரரே பிடித்துக்கொண்டார், வேடிக்கை பார்ப்பதைவிட அது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். மழை கொட்டியது. செடி தலையில் ஒரு துளி விழவில்லை. நாங்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். வாசல் தண்ணீர் வளைந்து வளைந்து பின்பக்கம் வர, அப்பா அதை மண்வெட்டியால் தடுத்துத் திருப்பினார்.

"வருசம் முச்சூடும் தண்ணிய வா வான்னு கூப்புட்ட கையி," என்றார் மூச்சிரைக்க. "இன்னைக்குப் போ போன்னு வெரட்டுது. வாய்க்காலுக்குத் தெரிஞ்சா அடுத்த பூ நெல்லுக்கு எனக்குத் தண்ணி வராது."

பின்வாசலில் அக்கா வந்து நின்றாள். கல்யாணப் பெண் நனையக் கூடாது என்று அம்மா தார்ப்பாய் முனையைப் பிடித்தபடியே கத்தினாள். அக்கா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"எல்லாரும் எதுக்கு நனையுதிய? எலையப் பறிச்சா முடிஞ்சுபோச்சுல்லா?"

தார்ப்பாயின் நடுவில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து பந்தல்காரர் தலையில் விழுந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் திட்டத்தில் பறிப்பது மறுநாள் காலைக்கு இருந்தது. அதை முன்னால் தள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் சிரித்தது மாமி. அப்புறம் தார்ப்பாய் முனைகளை மதில் ஆணியிலும் துணிக்கொடியிலும் கட்டிவிட்டு, முறம், ஓலைப்பெட்டி, அம்மாவின் முந்தானை என்று கிடைத்ததில் எல்லாம் பறித்துப் போட்டோம். முள் கீறிய கையோடு பந்தல்காரரும் ஒரு கை பறித்தார். கடைசிக் கிளையும் மொட்டையானதும் அக்கா தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள். மழை நேராகச் செடி மேல் விழுந்தது. அவளும் அதோடு கொஞ்ச நேரம் நனைந்தாள். இந்த முறை அம்மா கத்தவில்லை.

இலையைத் துடைத்து மின்விசிறிக் காற்றில் பரப்பி, மறுநாள் சாயங்காலம் வெறும் இலையை அரைத்து, மாமியும் நானும் அக்காவுக்கு வைத்தோம். காலையில் கழுவினாள். ஆரஞ்சு. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா வெளியே போய்விட்டார். அக்கா கையை நீட்டியபடி என்னைப் பார்த்தாள். பொறுத்திருக்க வேண்டும், என் சுண்டுவிரலும் முதலில் இப்படித்தான் இருந்தது என்றேன். மத்தியானம் செங்கல் நிறம் வந்தது. சாயங்காலம் அதைவிடக் கருத்தது. தண்ணீரில் கை வைக்காதே என்று ஆளாளுக்கு அவளுக்குச் சோறு ஊட்டினார்கள். முகூர்த்தத்தன்று காலை, பழுத்த நாவற்பழத்தைக் கடித்தால் உள்ளே ஒரு சிவப்பு இருக்குமே, அந்த நிறத்தில் இருந்தன இரண்டு கையும்.

மாப்பிள்ளையின் அக்கா மணவறைக்கு வந்ததும் நேராகக் கையைத்தான் பிடித்தார். இடது கை. புறங்கையைத் திருப்பினார். சிவப்புக்குள் அந்தப் பழைய தடம் அப்படியேதான் இருந்தது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். கட்டைவிரலால் அதை ஒரு முறை தடவினார்.

"எங்கன போட்டிய மதினி, இப்படிப் பத்தியிருக்கு?"

"எங்க வீட்டுச் செடிதான்," என்றாள் அக்கா. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப எங்க தம்பி இனி எங்களத் திரும்பியே பாக்க மாட்டான். சரி, கொடுத்து வச்சது அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, மற்ற பெண்களையும் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டினார். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அக்காவின் கை அவளிடம் இல்லை.

மாப்பிள்ளை ஊர் குலசேகரன்பட்டினம். வேனில் பாத்திரங்களுக்கு நடுவில் பெயிண்ட் வாளியும் போனது. பின்பக்க மருதாணி அந்த மழையிலேயே துளிர்த்து, ஆனி முடிவதற்குள் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. பூத்த செடியைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பொழச்சுட்டு, என்ன?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்கன ஒரு சங்கடம்ட்டி. தண்ணி லாரியிலதான் வருது. அத்தை அதுலயும் ஒரு செம்பு தனியா எடுத்து வச்சு, தெனமும் வாளிக்கு ஊத்துதாவ. மருமவ கொண்டாந்த செடியாம். எலை இப்பவே அகலமா வந்துட்டு. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

சொல்லாதே, ஊற்றட்டும் என்றேன். பிவிசி குழாயைத் திரும்பப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டதையும் சொன்னேன். அம்மா அப்போது பின்வாசலில் அரிசிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு மாசம் முன்னாடி சொல்லு," என்றாள் அக்கா. "ரெண்டு எடத்துலயும் நிறுத்திப்போடுவோம்."